பாம்பிலஸின் முக்காடு

டோகா என்கிற ரோமக் கம்பளிப் போர்வையைப் போர்த்திப் பழக்கமில்லாத ஊர்களில், எங்கள் சபைக்கு வந்த அந்தக் கடிதத்தைப் படிக்கிறவர்கள் ஒரு வரியில் வந்து முட்டிக்கொள்கிறார்களாம். ஜெபிக்கிற ஆண் தலையை மூடக் கூடாது என்கிறதே, குளிருக்குத் தொப்பி போட்டால் தப்பா, மழையில் நனைய வேண்டுமா என்று சண்டை போடுகிறார்களாம். கொரிந்துவில் நாங்கள் அப்படியெல்லாம் கேட்பதில்லை. அந்த வரியை எங்களுக்கு முதன்முதலில் வாசித்துக் காட்டியவர் பாம்பிலஸ். வாசித்தபோது அவர் தலையில் முக்காடு இருந்தது.

"என் கதைய நானே சொன்னாத்தான் சரியா வரும். அடுத்தவன் சொன்னா என்னைக் கொஞ்சம் புத்திசாலியாக் காட்டிருவான்" என்பார் அவர். அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

இருபத்திரண்டு வருடம் அவர் வேலை, சலவைக்கூடத் தொட்டியில், அழுக்குப் போக ஊற்றிய பழைய சிறுநீரில் நின்றுகொண்டு ஊரார் டோகாக்களை மிதித்து வெளுப்பது. பக்கத்துத் தொட்டியில் ஹெர்மியாஸ். இருவரும் ஒரே எஜமானின் அடிமைகள். இளவயதில் ஒருநாள் பாம்பிலஸ் வழுக்கி விழுந்து, தொட்டி விளிம்பில் மண்டையை உடைத்துக்கொண்டார். தலைகீழாகக் கிடந்தவரைக் காலைப் பிடித்து வெளியே இழுத்தவர் ஹெர்மியாஸ். உச்சந்தலையில் பாதி நிலா வடிவில் ஒரு தழும்பு நின்றுவிட்டது. அன்றிலிருந்து சலவைக்கூடத்தில் அவர் பெயர் அரைநிலா.

எஜமான் செத்தபின் உயிலைத் திறந்தார்கள். ஒருவருக்கு மட்டும் விடுதலை எழுதியிருந்தது, பாம்பிலஸுக்கு. ஏன் இவருக்கு, ஏன் ஹெர்மியாஸுக்கு இல்லை என்பது செத்தவருக்கே வெளிச்சம். வழக்கப்படி தலையை மழித்து, விடுதலைத் தொப்பியைக் கவிழ்த்து, சவ ஊர்வலத்தில் நடக்க விட்டார்கள். மழித்த முடி திரும்ப வரவேயில்லை. "அதுக்கும் சேத்தே விடுதலைன்னு எழுதி வச்சிருந்தார் போல. கிளம்பிப் போயிருச்சு" என்பார்.

ஒரே மத்தியானத்தில் அவர் ரோமக் குடிமகன் ஆகிவிட்டார். எஜமானின் பெயரும் சேர்ந்து, லூசியஸ் ருட்டீலியஸ் பாம்பிலஸ் என்று பெயர் மூன்று துண்டாக நீண்டது. மீன்காரி கேட்டாலும் மூன்றையும் சொல்வார். உடனே, குடிமக்கள் மட்டுமே போர்த்தக்கூடிய டோகாவும் ஒன்று வாங்கினார். குடிமக்களாகவே பிறந்தவர்கள் அந்தக் கம்பளிச் சுமையை விசேஷங்களுக்கு மட்டும் சலித்துக்கொண்டே போர்த்துவார்கள். வீட்டுக்கு வந்ததும் கழற்றி எறிவார்கள். இவர் கோடை வெயிலில் மீன் வாங்கவும் அதோடு போனார்.

"என்னங்க, உங்களைப் பாத்து மீனு எந்திரிச்சு நிக்கப் போகுதா?" என்று கேட்டார் மனைவி சோசிமே.

"உனக்குத் தெரியாது. மதிப்புன்னு ஒன்னு இருக்கு."

"இருக்கு, இருக்கு. தெருமுனையில வரும்போதே வேர்வை நாத்தம் அடிக்குது."

வாரத்தின் முதல் நாள் சாயங்காலம், விபியா அம்மாள் வீட்டில் எங்கள் சபை கூடும். கிறிஸ்துவை நம்பியவர்கள் எல்லாரும் வருவோம்: துறைமுகச் சுமைக்காரர்கள், விளக்கு விற்கிறவர்கள், எஜமான் கண்ணில் படாமல் நழுவி வந்த அடிமைகள். ஹெர்மியாஸும் வருவார். அவர் ஜெபம் சொன்னால் கூரை அதிரும். முடிப்பதற்குள் சாப்பாடு ஆறிப் போகும்.

ஒருநாள் ஜெபம் சொல்ல பாம்பிலஸைக் கூப்பிட்டார்கள். எழுந்து நின்றவர் அண்ணாந்து பார்த்தார். விளக்கு நேராக அவர் மண்டைக்கு மேலே தொங்கியது. தழும்பு பளபளக்குமே, எவனாவது அரைநிலா என்று சொல்லிவிட்டால் மூன்று பெயரும் காற்றில் போய்விடுமே என்று பதறினார். அப்போதுதான் ரோமத் தெய்வக் கோயில் பலிபீடத்தின் முன் நிற்கும் நகர அதிகாரி நினைவுக்கு வந்தார். பலியிடும்முன் அவர் டோகாவின் பின்மடிப்பைத் தலைக்கு மேல் இழுத்து விட்டுக்கொள்வார். அதுதான் பெரிய மனிதர்கள் சாமி கும்பிடும் லட்சணம். பாம்பிலஸும் மடிப்பை இழுத்து விட்டுக்கொண்டார். சபை கப்சிப் ஆனது.

அடுத்த கூட்டத்துக்கு இன்னும் இரண்டு பேர் டோகாவோடு வந்து முக்காடு போட்டார்கள். முன்வரிசை அவர்களுடையது ஆனது. டோகா போர்த்த உரிமை இல்லாதவர்கள் யாரும் சொல்லாமலே பின்னால் நகர்ந்தார்கள். ஹெர்மியாஸ் ஜெபம் சொல்வதையே நிறுத்திவிட்டார்.

"பாத்தியா, சபைக்கே ஒரு பயபக்தி வந்திருக்கு" என்றார் பாம்பிலஸ்.

"பயம் தெரியுது. பக்தியத்தான் காணோம்" என்றார் சோசிமே.

ஒருநாள் காலையில் ஊர் நீரூற்றடியில் ஹெர்மியாஸைப் பார்த்தார்.

"என்ன ஹெர்மியாஸ், இப்பல்லாம் வாயே திறக்க மாட்டேங்குற?"

"தலையில இழுத்துப் போட எங்கிட்ட என்னங்க ஐயா இருக்கு? பெரியவங்க நீங்க நல்லாத்தான ஜெபம் சொல்றீங்க."

இருபத்திரண்டு வருடம் 'டேய்' தவிர வேறு எதையும் சொல்லாத வாய் அது. ஐயா என்று கேட்டதும் பாம்பிலஸுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. தெரு திரும்பும்வரை குளிர்ந்தபடியே இருந்தது. திரும்பியதும், அது 'டேய்' இல்லையே என்று பட்டது. வீட்டில் ஆலிவையும் ரொட்டியையும் சோசிமே பக்கமே தள்ளிவிட்டார். முக்காட்டை எடுத்தால் ஹெர்மியாஸ் திரும்பக் கிடைப்பார். ஆனால் லூசியஸ் ருட்டீலியஸ் காணாமல் போவாரே! அடுத்த கூட்டத்துக்கும் முக்காட்டோடுதான் போனார்.

அன்றுதான் கடிதம் வந்திருந்தது. எங்கள் ஊரில் ஒன்றரை வருடம் கூடாரத் தொழில் செய்துகொண்டே போதித்தவர், எபேசுவிலிருந்து எழுதியது. துணிகளில் தைத்த குறிகளைப் பார்த்துப் பார்த்து எழுத்து கற்றவர் பாம்பிலஸ். அதனால் வாசிக்கும் வேலை அவருக்கு வந்தது.

கடிதத்தின் முதல் பாதி முழுக்க மற்றவர்களுக்கு விழுந்த திட்டு. வழக்குக்குப் போனவனுக்கு ஒன்று, கோயில் விருந்துக்குப் போனவனுக்கு ஒன்று. பாம்பிலஸ் ரசித்து, நிறுத்தி நிறுத்தி, சம்பந்தப்பட்ட ஆளை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாசித்தார். சுருளில் எழுத்துகள் இடைவெளியில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். வாய்விட்டுச் சொன்னால்தான் சொல் பிரியும். அதனால் என்ன சொன்னோம் என்பது சொல்லி முடித்த பிறகே அவருக்கு உறைத்தது: ஜெபிக்கிற ஆண் தலையில் துணியை இழுத்துக்கொள்வது அவமானம்.

யாரோ இருமினார்கள். பாம்பிலஸ் மடமடவென்று அடுத்த வரிக்குத் தாவினார். அது பெண்களின் தலையைப் பற்றியது.

"அங்க என்னங்க அவசரம்?" என்றார் சோசிமே. "முந்தின வரி சரியா காதுல விழல. திரும்பப் படிங்க."

"அது... எபேசுல இருக்கிறவங்களுக்கு எழுதினதா இருக்கும்."

"மேல கொரிந்துன்னு நீங்கதான படிச்சீங்க?" என்றார் விபியா அம்மாள்.

முன்வரிசையின் மற்ற இரண்டு முக்காடுகளும் சத்தமில்லாமல் இறங்கின. மிச்சம் இவர் ஒருவர்தான். பின்வரிசையைப் பார்த்தார். ஹெர்மியாஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. சிரித்திருந்தால் கோபப்பட்டாவது தப்பித்திருக்கலாம். பாம்பிலஸ் முக்காட்டை விலக்கினார். அவசரத்தில் மடிப்பு அவிழ்ந்து, டோகா முழுவதும் சரிந்து காலடியில் விழுந்தது. உள்ளுடையோடு, சுருளைப் பிடித்தபடி, விளக்குக்கு நேர் கீழே நின்றார்.

பின்னாலிருந்து வந்தது குரல்.

"டேய் அரைநிலா! உதிச்சுட்டியாடா?"

சபை வெடித்தது. முதலில் சிரித்தவர் சோசிமேதான் என்று இன்றும் அவர்மேல் பாம்பிலஸுக்கு வருத்தம். ஹெர்மியாஸ் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து டோகாவை எடுத்து உதறினார்.

"இதையா வெளுப்புன்னு சொல்லிக் குடுத்தாங்க? கழுத்துல அழுக்கு அப்படியே இருக்கு. இருபத்திரண்டு வருஷம் என்னடா மிதிச்ச?"

"நீ மிதிச்சு முடிச்ச தொட்டியத்தான் நான் மிதிச்சேன்" என்றார் பாம்பிலஸ். "டேய், இன்னைக்கு ஜெபம் நீ சொல்லு."

ஹெர்மியாஸ் டோகாவைத் தோளில் போட்டுக்கொண்டு, விளக்கடிக்கு வந்து கண்ணை மூடினார். ஆரம்பித்தார். துறைமுகம், எபேசு, விதவைகள், நோயாளிகள், கடைசியாகத் தொட்டி தொட்டியாகச் சலவைக்கூடம் என்று போய்க்கொண்டே இருந்தது.

கஞ்சி ஆறி ஆடை கட்டியது. "இவன வாயத் திறக்கச் சொன்னது யாருங்க?" என்று முணுமுணுத்தார் சோசிமே.

பாம்பிலஸின் வழுக்கையில் விளக்கின் சூடு சுட்டது. அவர் நகரவில்லை.