‘ஏங்க’ என்று பேர் வைத்த அடி

தேனிக் கடைவீதியில் எண்பத்தாறாம் வருஷ வாக்கில் வீடியோ கேம் ஆடிய பையன்களைக் கேட்டால், பெட்டிக்குள் இருக்கிற அசுரன் அடிக்கிற அடிகளுக்கு ஒவ்வொன்றாகப் பேர் சொல்வார்கள். கயிறு. முத்து. அட்டை. ஏங்க. கேட்கிறவர் வெளியூர்க்காரராக இருந்தால் கடைசிப் பேரில் திகைத்து நின்றுவிடுவார். பெண்டாட்டி புருஷனைக் கூப்பிடுகிற சொல்லை அசுரன் அடிக்கு எவனாவது பேராக வைப்பானா? எவனும் வைக்கவில்லை. வைத்தது மலையம்மாள்.

மலையம்மாளுக்குச் சொந்த ஊர் தேவாரம். கல்யாணமான மறு மாசத்திலிருந்து புருஷனோடு ஜீப்பில் தொத்திக்கொண்டு மலைக்கு ஏலக்காட்டு வேலைக்குப் போனவள். புருஷன் பேரை அவள் வாயால் சொல்ல மாட்டாள். நாம் சொல்லலாம், ஒச்சாண்டி. நல்ல மனுஷன், ஆனால் காட்டுக்குள்ளும் பாட்டுப் பாடிக்கொண்டே களை பறிக்கிறவன்.

காட்டுக்கு என்று ஒரு பேச்சு இருக்கிறது. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் விளங்காது. பாம்பை அங்கே பாம்பு என்று சொல்லக் கூடாது, கயிறு என்றுதான் சொல்ல வேண்டும். யானைக்குப் பெரியவர் என்று பேர். பேரைச் சொன்னால் அது தன்னைக் கூப்பிட்டதாக நினைத்து வந்துவிடும். கங்காணி முதல் கைப்பிள்ளைக்காரி வரை எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. சிரிக்கிறவர்கள் ஒரு மழைக்காலம் அங்கே போய் இருந்து பார்க்கட்டும்.

ஒரு நாள் மத்தியானம் மூட்டமாக இருந்தது. ஒச்சாண்டி கீழே ஓடைப் பக்கம் செடித் தூரில் குனிந்திருந்தான். மேட்டில் நின்ற மலையம்மாள்தான் முதலில் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் பனிப்புகைக்குள்ளிருந்து பாறை நகர்கிற மாதிரி அது வந்தது. கூப்பிட வாயைத் திறந்தாள். தொண்டையில் சத்தம் வரவில்லை. ‘ஏங்க’ என்று ஒரு சொல் போதும், அவன் திரும்பியிருப்பான், ஒதுங்கியிருப்பான். அந்த ஒரு சொல் வரவில்லை.

புருஷன் போன பிறகு அவள் ஜீப் ஏறவில்லை. தேனிக்கு வந்து, சுந்தர்ராஜ் என்கிறவருடைய ரேடியோக் கடையில் கூட்டித் துடைக்கவும் டீ வாங்கவும் சேர்ந்தாள். சுந்தர்ராஜ் வேதக்காரர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டுக் கடை திறக்காதவர். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். அவர் மதுரையிலிருந்து அந்த வீடியோ கேம் பெட்டியை வாடகைக்கு எடுத்து வந்து கடையின் பின் அறையில் வைத்தார். டோக்கன் கொடுக்க மலையம்மாளைப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார வைத்தார்.

பெட்டிக்குள் ஒரு கோட்டை இருந்தது. வாளோடு ஒரு சின்ன ஆள் இருந்தான். வாசலுக்கு வாசல் அசுரன் ஒவ்வொரு உருவெடுத்து வருவான். அடிக்கப் போவதற்கு முன்னால் அவன் தலைக்கு மேலே ஏதோ எழுத்து மின்னும். ஜப்பான் எழுத்து என்றார் சுந்தர்ராஜ். ஆடுகிறவனுக்குக் கீழே தன் ஆளைப் பார்க்கத்தான் கண் இருக்கும், மேலே பார்த்தால் செத்தான். பக்கவாட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறவருக்கு எல்லாம் தெரியும். அங்கே உட்கார்ந்திருந்தது மலையம்மாள். அதனால் அவள் சத்தம் கொடுக்க ஆரம்பித்தாள்.

நெளிந்து நெளிந்து வருகிற பச்சை நெருப்புக்குக் கயிறு என்றாள். பொரிப்பொரியாக மேலெல்லாம் விழுகிற சிவப்புப் பொட்டுகளுக்கு முத்து. அம்மை என்று சொல்ல அவளுக்கு வாய் வருமா? காலைப் பிடித்துக்கொண்டு விடாத குட்டிப் பிசாசுகளுக்கு அட்டை.

“ஏக்கா, கயிறுங்குற, முத்துங்குற. நான் சண்டை போடுறனா, சந்தைக்கு வந்துருக்கனா?” என்பான் பொன்னுராஜ். மில்லில் வேலை பார்க்கிற வாலிபன். ஷிப்டு முடிந்து பஞ்சுத் தூசி தலையில் ஒட்ட நேரே இங்கேதான் வருவான்.

“பேச்சக் கொறைடா. கயிறு வருது, குதி!”

குதிப்பான். தப்பிப்பான். இரண்டு வாரத்தில் தெருவே அந்தப் பேர்களைப் பேசியது.

சுந்தர்ராஜுக்குத்தான் பொறுக்கவில்லை. “மலையம்மா, பாம்புன்னு சொன்னா என்ன? வர்றவுகளுக்கு விளங்க வேணாமா?”

“சொன்னா வந்துரும் மொதலாளி.”

“பெட்டிக்குள்ள இருக்கதா?”

“அசுரனே வந்து உக்காந்துருக்கான். அது வராதாக்கும்?”

“நான் சொல்றேன் பாரு. பாம்பு, பாம்பு, பாம்பு! வந்துச்சா?”

“சொன்னது நீங்க. வந்தா ஒங்க வீட்டுக்குத்தான் வரும். இங்கன எதுக்குத் தேடுறீக?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் புறப்பட்டவர், செருப்பை உதறிவிட்டுத்தான் மாட்டினாராம்.

இப்படியெல்லாம் சத்தம் கொடுத்தவள், கடைசி வாசலில் மட்டும் ஊமையாகிவிடுவாள். அங்கே அசுரன் சாம்பல் நிறத்தில், இரண்டு கொம்பும் விசிறிக் காதுமாக வருவான். எழுத்து மின்னும். தரை ஆடும். ஓரத்துக்கு ஒதுங்கினால் பிழைக்கலாம். ஆனால் எந்த நொடியில் என்று சொல்ல ஆள் வேண்டும். மலையம்மாள் முக்காலியைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பாள். ஆடுகிறவன் மிதிபட்டுச் சாவான்.

“பெரியவருன்னாவது சொல்லேன்க்கா” என்று பொன்னுராஜ் கெஞ்சினான். அவள் வாய் திறக்கவில்லை. பிடிவாதம் என்று நினைத்தார்கள். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டாள். தொண்டை அடைக்கிறது என்று எவரிடம் போய்ச் சொல்வது?

வேறு ஆளை முக்காலியில் வைத்தும் பார்த்தார் சுந்தர்ராஜ். அவன் ஆட்டத்தில் மெய்மறந்து, சொல்ல வேண்டிய நேரத்தில் வாயைப் பிளந்துகொண்டு இருந்தான். கடைசி வாசலை ஒருத்தனும் தாண்டவில்லை. தாண்ட முடியாத வாசலை எத்தனை நாள் முட்டுவார்கள்? கூட்டம் கழன்றது.

“வீரபாண்டித் திருவிழா வரைக்கும் பாப்பேன். அங்கன கொண்டுபோய்ப் போட்டும் ஆள் சேரலேன்னா பெட்டி மதுரைக்குத் திரும்பிப் போயிரும். பொறகு ஒனக்கு இங்கன வேலை இல்லம்மா. மனசுல ஒண்ணும் வச்சுக்கிராத” என்றார். சொல்லிவிட்டு அவர்தான் வருத்தப்பட்டார்.

திருவிழாவில் ராட்டினத்துக்கும் வளையல் கடைக்கும் நடுவே தகரக் கொட்டகை போட்டுப் பெட்டியை இறக்கினார்கள். அக்கினிச்சட்டி எடுத்து வந்தவர்கள் வேப்பிலை வாசத்தோடு கடந்து போனார்கள். சனம் எட்டிப் பார்த்தது, கடைசி வாசலில் ஆள் மிதிபடுவதைப் பார்த்துச் சிரித்தது, ராட்டினத்துக்குப் போனது.

கடைசி நாள் பொழுது சாய்கிற நேரம் கருத்தம்மாள் கொட்டகைக்குள் வந்தாள். ஏலக்காட்டுக்கு ஆள் பிடிக்கிறவள். மலையம்மாளுக்குப் பழைய பழக்கம்.

“பெட்டி நாளைக்குப் போகுதாமுல்ல? திங்கக்கிழமை ஜீப்புல ஒனக்கு எடம் போட்டு வைக்கவா ஆத்தா? அதே எஸ்டேட்டுத்தான். ஓடைக்கு அந்தப் பக்கம்.”

மலையம்மாள் டோக்கன்களை எடுத்து எண்ணினாள். அங்கே மறுபடி போய்க் குனிய வேண்டும், ஒவ்வொரு செடி அசையும்போதும் திரும்பிப் பார்க்க வேண்டும்.

அந்நேரம் பொன்னுராஜ் ஆடிக்கொண்டிருந்தான். ஊர் மானத்தையே தூக்கி வந்தவன் மாதிரி ஆடினான். கயிறு தாண்டினான். முத்து தாண்டினான். அட்டையை உதறினான். பின்னால் கொஞ்சம் கூட்டம் சேர்ந்தது. கடைசி வாசல் திறந்தது.

“எக்கா, இந்த ஒரு தடவ” என்றான், திரும்பாமலே.

புகை வந்தது. புகைக்குள் சாம்பல் நிறம் நகர்ந்தது. கீழே அந்தச் சின்ன ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு, ஒன்றும் தெரியாமல் நின்றான். மலையம்மாள் சுவரைப் பார்க்கத் திரும்பினாள். அங்கே சுவர் இல்லை, கொட்டகைதானே? கருத்தம்மாள்தான் நின்றாள். மறுபடி பெட்டியைப் பார்த்தாள். எழுத்து மின்னியது.

“ஏங்க!”

கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. ராட்டினத்தில் இருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள்.

“ஏங்க! ஒதுங்கிக்கங்க!”

பொன்னுராஜ் பெட்டியில் இருந்த குச்சியை அடித்துத் திருப்பினான். சின்ன ஆள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டான். தரை ஆடியது. அந்தப் பெரிய கால்கள் அவனை உரசிக்கொண்டு தாண்டிப் போயின. அவன் நின்றான். முழுசாக, உயிரோடு, வாளோடு நின்றான்.

பின்னாலிருந்து எவனோ ஒருத்தன், “ஏலே பொன்னுராசு, ஒனக்குக் கல்யாணம் ஆயிருச்சுடா!” என்றான். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பொன்னுராஜுக்குக் காது வரை சிவந்தது. மலையம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று கேட்டால், அது அவளுக்கே தெரிந்திருக்காது. சுந்தர்ராஜ் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தது கண்ணாடியை அல்ல.

அன்று ராத்திரி முழுக்கக் கொட்டகையில் நிற்க இடமில்லை. அந்தக் குரலைக் கேட்கவே ஆள் வந்தது. அவளும் ஒவ்வொரு தடவையும் புதுசாகப் பதறித்தான் கூப்பிட்டாள். ஒரு தடவைகூடத் தொண்டை அடைக்கவில்லை.

பெட்டி மதுரைக்குப் போகவில்லை. திங்கட்கிழமை ஜீப்பில் அவளுக்குப் போட்டு வைத்த இடத்தில் கருத்தம்மாள் காய் மூட்டையை வைத்துக்கொண்டு போனாள்.

பிறகு ஒரு நாள் போடியிலிருந்து வந்த ஒரு பையன் டோக்கன் வாங்கிக்கொண்டே கேட்டான்: “ஏக்கா, அதென்ன அடிக்கு ‘ஏங்க’ன்னு பேரு? யானைன்னு சொல்லிட்டுப் போகலாம்ல?”

பொன்னுராஜ் அவன் காலை மிதித்தான். மலையம்மாள் கோபப்படவில்லை.

“அது பேரு இல்லப்பா. கூப்பிடுறது” என்றாள். “வாசல் தொறக்குது பாரு. நான் கூப்பிட்டா ஒதுங்கணும், என்ன?”

“சரிக்கா” என்றான் அவன்.