காரமடையில் தைத்த நாற்பது சட்டைகள்

திருப்பூரில் மூன்று கம்பெனிகள் என்னைத் திருப்பி அனுப்பிய மறுநாள், காலை ஒன்பது மணிக்குக் கோவை காந்திபுரத்தில் மேட்டுப்பாளையம் பேருந்தில் ஏறினேன். 1996, ஆடிக்காற்று. காரமடைக்கு டிக்கெட் ஐந்து ரூபாய். நாற்பது சட்டைக்கான கைத்தறித் துணி மூட்டைகளுக்குத் தனியாக லக்கேஜ்.

சென்னையில் பெண்களுக்கான சட்டைகளை என் சொந்தப் பெயரில் விற்கத் தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. நாற்பது சட்டை தைத்துத் தரக் கேட்டதற்கு, "நெறத்துக்கு ஆயிரம் பீஸாவது வேணுமுங்க" என்றே திருப்பூரில் எல்லாரும் சொன்னார்கள். மிச்சமான ஏற்றுமதிச் சட்டைகளை வாங்கி என் லேபிளை ஒட்டிக்கொள்ளும்படி ஒருவர் யோசனை சொன்னார். மறுத்துவிட்டு வெளியே வந்தேன். காரமடையில் சிறிய தையல் ஷெட் நடத்தும் ஸ்டெல்லாவின் முகவரியைத் தந்தவர் ஒரு நூல் கடைக்காரர்.

முப்பது கிலோமீட்டர் தூரம். பெரியநாயக்கன்பாளையம் தாண்டியதும் மலை கூடவே வந்தது.

காரமடையில் சர்ச்சுக்குப் பின்னால் ஒரு ஷெட், எட்டுத் தையல் மெஷின்கள். ஸ்டெல்லாவின் பெற்றோர் பிறர் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவர்கள். அவர் ஏற்றுமதிக் கம்பெனியில் தைத்தவர். கழிப்பறைக்குப் போகவும் சீட்டு வாங்கச் சொன்னதால், தோழிகளோடு வெளியேறியவர். என் மாதிரிச் சட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நான்கு நாளில் தருவதாகச் சொன்னார்.

பதினொரு மணிக்கு ஒரு வேன் வந்தது. ஓர் ஏற்றுமதிக் கம்பெனியின் ஏஜெண்ட் இறங்கினார். சீசன் முடியும்வரை வேலை தருவதாகவும், அதுவரை வேறு யார் துணியும் மேசைமேல் இருக்கக்கூடாது என்றும் சொன்னார். என் மூட்டைகளைப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, இந்த நாப்பது பீஸ நம்பியா பொழைக்கப் போறீங்க?"

ஸ்டெல்லா மற்ற பெண்களைத் திரும்பிப் பார்த்தார். யாரும் மெஷினை நிறுத்தவில்லை.

"உங்க வேலையும் செய்யறமுங்க. ஆனா யாருக்குத் தைக்கறதுன்னு நாங்கதான் முடிவு பண்ணுவோமுங்க."

வேன் இறக்காத மூட்டைகளோடு திரும்பிப் போனது. எனக்குக் குற்ற உணர்வு. வேண்டுமானால் நான் காத்திருக்கிறேன் என்றேன்.

"உங்களுக்காகச் சொல்லலீங்க. எங்களுக்காகச் சொல்லிப்போட்டேன்," என்றார், துணியை விரித்துக்கொண்டே.

மேட்டுப்பாளையத்தில் தங்கி, தினமும் வந்து போனேன். நான்காம் நாள் சட்டைகள் தயார். லேபிளில் என் பெயருக்குக் கீழே 'காரமடையில் தைத்தது' என்று சேர்க்கலாமா என்று கேட்டேன். பெண்கள் தங்களுக்குள் பேசிச் சிரித்துவிட்டுச் சம்மதித்தார்கள்.

சென்னையில் என் சட்டைகளை வழக்கமாக வாங்கும் கடைக்காரர் தையலைப் பாராட்டினார். ஊர்ப் பெயரை மட்டும் பிரித்தெடுக்கச் சொன்னார். காரமடை யாருக்குத் தெரியும், 'எக்ஸ்போர்ட்' என்று போட்டால் அத்தனையும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஒரு வாரத்துக்கு முந்தைய நானாக இருந்தால் அப்படியே வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சியிருப்பேன். நாற்பதையும் மடித்து மூட்டை கட்டிக்கொண்டு, அடுத்த கடைக்கு நடந்தேன்.