மோர்க்குழம்பு கேட்ட வாய்

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடையில் போன மாதம் ஒரு ஆள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். என் கையில் வாயு மாத்திரை, அவர் கையில் செல்போன். பையனுக்குப் பிறந்தநாளாம், வாழ்த்துச் சொல்ல வேண்டுமாம். சொன்னேன். பதிவானதைக் காதில் வைத்துக் கேட்டவர் முகத்தைச் சுளித்தார்.

"இது வேணாம் சார். உங்க ஒரிஜினல் வாய்ஸ்ல சொல்லுங்க."

என் ஒரிஜினல் குரல் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பது சென்னையில் குடியிருக்கும் ஒரு டப்பிங் கலைஞருடையது. தெலுங்குப் படமென்றால் ஹைதராபாத்தில் இன்னொருவர். நான் நகரிக்காரன், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆந்திர ஊர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. என் தமிழில் தெலுங்கு வாடை அடிக்கிறது என்று சென்னையில் சொன்னார்கள். என் தெலுங்கில் அரவ வாடை, அதாவது தமிழ் வாடை, அடிக்கிறது என்று ஹைதராபாத்தில் சொன்னார்கள். இரண்டு பக்கமும் மூக்கைப் பொத்திக்கொண்டு என் மூஞ்சியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அந்த மூஞ்சிக்கு இத்தனை வருஷத்தில் கிடைக்காத விருது இல்லை. 'கணீர்க் குரல் நாயகன்' என்று ஒரு பத்திரிகையில் எழுதியிருந்தார்கள். எழுதியவர் என்னோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனவர்தான். காதை எங்கே கழற்றி வைத்துவிட்டு வந்தாரோ.

சென்னைக் குரல்காரர் ஒருமுறை குடும்பத்தோடு திருப்பதி மலைக்கு வந்துவிட்டு, கீழே எங்கள் வீட்டுக்கும் வந்தார். ஒல்லியான, பயந்த மனிதர். என் மனைவி சித்தூர்க்காரி, எதையும் சும்மா விடமாட்டாள். "காபி நல்லா இருக்குன்னு அந்தக் குரல்ல ஒரு தடவ சொல்லுங்களேன்" என்றாள். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, சொன்னார். என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து வீட்டுக்காரர் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை என்று அவரிடமே சொன்னாள். காபியில் அன்றைக்குச் சர்க்கரையே இல்லை. அதை நான் சொல்லியிருந்தால் என் குரலில் சொல்லியிருக்க வேண்டும், அதனால் விட்டுவிட்டேன்.

பெரிய விருது என்று சொல்லப்படுவது எங்கள் சமையலறை ஜன்னலில் இருக்கிறது. காற்றடித்தால் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க அதுதான் முட்டு. அந்த விருது எனக்குக் கிடைத்த விதத்தைச் சொன்னால், என் மனைவி அதற்குச் சரியான இடம்தான் கொடுத்திருக்கிறாள் என்று உங்களுக்கே தெரியும்.

அந்தப் படத்தில் என் அப்பா சாக வேண்டும். நம் சினிமாவில் மகன் நன்றாக நடிக்கிறான் என்று காட்ட அப்பனைக் கொல்வதைத் தவிர வேறு வழி யாருக்கும் தோன்றுவதில்லை. சந்திரகிரிப் பக்கம் ஒரு பழைய வீட்டில் படப்பிடிப்பு. கயிற்றுக்கட்டிலில் அப்பா வேஷக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கிறார், நான் தலைமாட்டில். கேமரா என் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி. வசனம் எங்கே என்று கேட்டேன். எழுதுபவருக்கு இன்னும் மூடு வரவில்லை என்றார்கள். சம்பளத்துக்கு வந்த மூடு வசனத்துக்கு வரவில்லை. இயக்குநர் என் தோளில் கை போட்டு, "ஏதோ ஒண்ணு பேசுங்க சார், வாய் அசைஞ்சா போதும். டப்பிங்ல பாத்துக்கலாம்" என்றார்.

வாய் அசைந்தால் போதுமென்றால் அசைக்கிறேன். மதியம் தாண்டிவிட்டது, பசி குடலைப் பிடுங்கியது. கண்ணில் கிளிசரினை விட்டுக்கொண்டு, செத்துக்கொண்டிருந்த மனிதரின் கையைப் பிடித்து, உதடு துடிக்க, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்: "மோர்க்கொழம்பு இன்னும் கீதா, இல்ல தீந்துபூச்சா? வட போட்டிருந்தா எனக்கு ரெண்டு எடுத்து வையிங்க. இன்னா வெயிலுடா சாமி. யாராச்சும் சாப்பாட்ட அனுப்புங்கடா."

இயக்குநர் அழுதுவிட்டார். பிறகு சென்னையில் வசனகர்த்தாவுக்கு மூடு வந்து, நம் ஒல்லி மனிதர் அந்த உதட்டசைவுக்குள் ஒரு மகனின் கதறலைக் கொண்டுபோய்ப் பொருத்தினார். ஊர் உலகமே அழுதது. விருதுக்குழுவும் அழுதது.

நகரி மட்டும் அழவில்லை.

எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நகரியில் தெருவுக்குத் தெரு பவர்லூம் ஷெட். தறி ஓடும்போது பக்கத்தில் இருப்பவன் கத்தினாலும் கேட்காது. அதனால் யாரும் கத்த மாட்டார்கள். சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைப்பார்கள், எதிரில் இருப்பவன் வாயைப் பார்த்தே புரிந்துகொள்வான். நூல் அறுந்தது, டீ வந்தது, மேஸ்திரி ஒரு முட்டாள் என்று எல்லாமே அப்படித்தான் பேசுவது. இதற்கு எங்கள் ஊரில் பேர்கூடக் கிடையாது, அது அவ்வளவு சாதாரணம். என் அப்பாவுக்கு, நைனா என்றுதான் கூப்பிடுவேன், ஆயுசு முழுக்கத் தறியோடு நின்று காது சுத்தமாகப் போய்விட்டது. விலை உயர்ந்த காது மெஷின் வாங்கிக் கொடுத்தேன். "உங்க பேச்சக் கேக்கறதுக்கு இது ஒரு கேடா" என்று பீரோவில் வைத்துப் பூட்டினார். இப்போது எல்லாரிடமும் அவர் வாயை மட்டும் அசைத்துத்தான் பேசுவார். தொண்டைக்கு வேலை கொடுத்து வருஷக்கணக்காகிறது.

விருது அறிவித்த வாரம் ஊர்க்காரர்கள் நகரியில் அந்தப் படத்தை முதல் தடவையாக ஓட்டினார்கள். நைனாவுக்குச் சால்வை போட்டு முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். நான் பக்கத்தில். சாவுக் காட்சி வந்தது. திரை முழுக்க என் வாய், ஒரு லாரி அகலத்துக்கு. சென்னைக் குரல் "அப்பா" என்று நெஞ்சைப் பிளந்தது. பின் வரிசையில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். அப்புறம் நாலு பேர். அப்புறம் கொட்டகையே.

"அண்ணா, வட தீந்துபூச்சு அண்ணா!"

தறிக்காரர்களுக்குச் சென்னைக் குரல் எதற்கு? என் வாய் என்ன சொன்னதோ அதைப் படித்துவிட்டார்கள். கைக்குட்டையோடு வந்திருந்த தாசில்தார் மட்டும் ஒன்றும் புரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

எனக்கே சிரிப்பு வந்தது, மறைப்பானேன். திரும்பி நைனாவைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. சால்வையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். பின்னாலேயே ஓடினேன். சைக்கிள் ஸ்டாண்ட் அருகே நின்று என்னைப் பார்த்து வாயை அசைத்தார்.

"நான் சாவும்போதும் இதத்தான் கேப்பியா?"

வசனம் எழுதாதவனை விட்டுவிட்டு என்னைக் கேட்டால் எப்படி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் முதுகைத் திருப்பிவிட்டார். வாயைப் பார்த்தே கேட்கும் மனிதர் முதுகைக் காட்டினால், அதற்குமேல் உங்களால் ஒன்றும் சொல்ல முடியாது. அவர் முதுகோடு பேசச் சென்னையிலும் ஆள் கிடையாது.

அன்றிலிருந்து அவர் என் படம் எதையும் பார்க்கவில்லை. நகரி வீட்டில் என் அக்கா அவரோடு இருக்கிறாள். டிவியில் என் மூஞ்சி வந்தால் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்ப்பார் என்று அக்கா போனில் சொல்வாள். நான் போனால் பேசுவார், பேசாமல் இல்லை. மழை வந்ததா, மாத்திரை வாங்கினாயா, அவ்வளவுதான். நான் சொல்லும் எதையும் நம்பாத ஒரு பார்வை அவர் கண்ணில் இருந்தது. நானும் வீம்பாக இருந்தேன். இத்தனை பேர் கும்பிடும் முகத்தை இவர் பார்க்காவிட்டால் என்ன என்று சொல்லிக்கொண்டேன். அது பொய். தியேட்டர் தியேட்டராக ஆட்கள் கை தட்டியது அந்த ஒல்லி மனிதரின் குரலுக்கு. என் வாயிலிருந்து நிஜமாக வந்ததைக் கேட்க என் நைனாவை விட்டால் ஆளில்லை, அவரோ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது வலித்தது. பல வருஷம் வலித்தது.

போன வருஷம் ஒரு புது இயக்குநர் வந்தான். தாடியும் கறுப்புக் கண்ணாடியுமாக, அறைக்குள்ளேயும் கண்ணாடியைக் கழற்றாத ரகம். உலக சினிமா எடுக்கப் போவதாகச் சொன்னான். கதையைக் கேட்டேன். அப்பா சாகிறார். உலக சினிமாவிலும் அவருக்கு விடுதலை இல்லை.

ஆனால் இந்த முறை வசனம் இருந்தது. ஒரு பக்கம் முழுக்க மண், வேர், விதை, மறுபடியும் மண். செத்துக்கொண்டிருக்கும் அப்பனிடம் எவனாவது வேளாண்மைத் துறை அதிகாரி மாதிரி பேசுவானா? தூரத்திலிருந்து எடுத்தபோது அந்த மண்ணையெல்லாம் ஒழுங்காக ஒப்பித்தேன். பிறகு கேமராவை என் முகத்துக்கு அருகே கொண்டுவந்தார்கள். கட்டிலில் கிடந்தவரின் கை சில்லென்று இருந்தது, ஏசி போட்டிருந்தார்கள். அந்தக் கையைப் பிடித்தபோது நகரியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் கிழவர் நினைவுக்கு வந்தார். வேளாண்மை மறந்துபோயிற்று. என் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"நைனா, உன் மூஞ்சிக்கு நேரா இத சொல்ல எனக்கு வர்ல. ஊரே எவனோ பேசறதக் கேட்டுக்கினு என்னக் கும்புடுது. நான் பேசறது உனுக்கு மட்டுந்தான் கேக்குது. நீயும் திரும்பிக்கினா நான் யார்கிட்ட பேசுவேன்? சாவாத நைனா. இப்போ சாவாத."

கட் சொன்னதும் இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினான். அவனுக்குக் கண் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

"சார், நல்லா இருந்துச்சு. ஆனா டயலாக் அது இல்லையே சார்?"

"டப்பிங்ல பாத்துக்கலாம்" என்றேன். அதைச் சொல்லும் சுகத்துக்காகவே இன்னும் நாலு படம் நடிக்கலாம்.

ஒரு மாதம் கழித்துச் சென்னைக் குரல்காரர் போன் செய்தார். "சார், 'மண்ணே என் தாயே'ன்னு வர்ற எடத்துல நீங்க என்னமோ சொல்றீங்க, உதடு ஒட்டவே மாட்டேங்குது சார்." எப்படியாவது ஒட்ட வையுங்கள் என்றேன். பாவம், ஒட்டினார்.

படம் செல்போனிலும் டிவியிலும் வந்த அன்று மனைவி தேம்பித் தேம்பி அழுதாள், மண்ணுக்காக. மறுநாள் காலை அக்கா போன் செய்தாள்.

"நீ இன்னா சொன்னேன்னு நான் பாத்துட்டேன்டா." கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினாள். "நைனாகிட்ட நான் சொல்ல மாட்டேன். அவரே பாக்கணும். ஞாயித்துக்கெழம வா."

ஞாயிற்றுக்கிழமை மதியம் போனேன். அக்கா ஒரு காரியம் செய்திருந்தாள். நைனா திரும்பி உட்காரும் சுவரிலேயே, ஆணியடித்து, இன்னொரு டிவியை மாட்டியிருந்தாள். இரண்டு டிவியிலும் என் படம் ஓடிக்கொண்டிருந்தது. நைனா வழக்கம்போல நாற்காலியைத் திருப்பினார். எதிரே என் மூஞ்சி. அக்காவை முறைத்தார். மறுபடி திருப்புவதற்கு நாற்காலியில் கை வைத்தவர், திரையில் கயிற்றுக்கட்டிலைப் பார்த்ததும் நின்றார். வாய் அசைந்தது.

"இந்த தபா இன்னா துன்னக் கேக்கறான், பாப்போம்."

உட்கார்ந்தார். நான் வாசற்படியிலேயே நின்றேன். எத்தனையோ மேடையில் முடிவு அறிவிக்கக் காத்திருந்திருக்கிறேன், அன்றைக்கு வாங்கிவந்த ஆப்பிள் பையைக் கீழே வைக்கக்கூட மறந்துவிட்டேன்.

என் முகம் திரையை நிறைத்தது. சென்னைக் குரல் மண்ணைப் பற்றி முழங்கியது. நைனாவுக்கு அது எதுவும் கேட்கவில்லை. கழுத்தை முன்னால் நீட்டி, அறுந்த நூலைத் தேடும்போது பார்ப்பாரே அப்படி, என் வாயைப் பார்த்தார். அவர் உதடும் கூடவே மெதுவாக அசைந்தது, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருடையது போல. 'சாவாத' வரைக்கும் வந்து நின்றுவிட்டது.

காட்சி மாறியது. யாரோ காரில் போனார்கள், ஒரு பாட்டு வந்தது. அவர் நாற்காலியைத் திருப்பவில்லை. அக்கா சமையலறைக்குள் போய்விட்டாள், பாத்திரச் சத்தம் தேவைக்கு அதிகமாகவே கேட்டது. பாட்டு முடிந்ததும் நைனா திரும்பி, வாசலில் நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தார். சாயம் அடித்த தலை, வெயிலுக்குப் போட்ட கண்ணாடி, கையில் ஆப்பிள் பை. எல்லாவற்றின் மேலும் அந்தப் பழைய இளக்காரம் ஒருமுறை ஊர்ந்து போனது. பிறகு சத்தமில்லாமல் வாயை அசைத்தார்.

"வட இல்ல. மோர்க்கொழம்பு கீது. வந்து துன்னு."