சேலை கட்டிய குரங்கு

வெந்நீரில் ரப்பர் வேகிற வாசனையை நீங்கள் முகர்ந்திருக்க மாட்டீர்கள். எங்கள் வீட்டில் ஆனி, ஆடி மாதங்களில் சாரல் காற்றோடு கலந்து அடுப்பங்கரையிலிருந்து அந்த வாசனைதான் வரும். அப்பா தன்னுடைய அம்பாசடர் காருக்குப் பக்கக் கண்ணாடி மாற்றுகிறார் என்று அதற்கு அர்த்தம். கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்துவைக்கிற ரப்பர் பட்டை குளிரில் விறைத்துக் கிடக்கும். அதைக் கொதிநீரில் போட்டு இளக்கி, சூடு ஆறுவதற்குள் இழுத்து மாட்டிவிட வேண்டும். புளி கரைக்க வேண்டிய நேரத்தில் அம்மா ரப்பரை வேகவைத்துக்கொண்டு நிற்பாள். "இன்னைக்கு ரப்பர் கூட்டாம்மா?" என்று நான் கேட்டால் கரண்டி ஓங்கும்.

அப்பா தென்காசியில் டாக்சி ஓட்டினார். ரயிலை விட்டு இறங்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு குற்றாலத்தின் அருவிகளையெல்லாம் சுற்றிக்காட்டித் திரும்பக் கொண்டுவந்து விடுவார். சீசன் மாதங்களில் ஓடினால்தான் மற்ற மாதங்களில் அடுப்பெரியும். அந்த நாட்களில் காருக்குள் ஏறினால் ஈரத்துண்டும் நல்லெண்ணெயும் மங்குஸ்தான் தோலும் சேர்ந்து ஒரு வீச்சம் அடிக்கும். அது எனக்குப் பிடிக்கும்.

அன்றைக்குப் பல கார்களில் ஓட்டுகிறவர் பக்கம் மட்டும்தான் கண்ணாடி இருக்கும். அப்பா இடப்பக்கமும் ஒன்று தேடி வாங்கிப் பொருத்தியிருந்தார். அருவியில் குளித்தவர்கள் தலையைத் துவட்டிக்கொண்டே ரோட்டோரம் நடப்பார்கள், அவர்களுக்குக் காரும் தெரியாது உலகமும் தெரியாது, நாம்தான் பார்த்துப் போக வேண்டும் என்பார். ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள், "அண்ணாச்சி காருக்கு ரெண்டு காதுலயும் கம்மல்" என்று கேலி செய்வார்கள். உடைந்துகொண்டே இருந்தது அந்த இடப்பக்கக் கம்மல்தான். உடைந்த சட்டத்தின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அளவெடுத்து, சாமி படங்களுக்குச் சட்டம் போடுகிற கடையில் கண்ணாடி வெட்டி வாங்கி வந்து, அப்பாவே வீட்டில் மாட்டுவார்.

யார் உடைத்தது என்று கேட்கவே வேண்டாம், குரங்குதான். ஐந்தருவியில் நிறுத்திவைத்த கார்களின் மேல் குரங்குகள் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியில் தெரிகிற தங்கள் மூஞ்சியையே பார்த்துப் பல்லைக் காட்டிக் கையால் அடிப்பதை நானே பார்த்திருக்கிறேன். "அதுக்கு என்ன தெரியும், எதுத்தாப்புல பங்காளி வந்து நிக்கான்னு நெனைக்குது" என்பார் அப்பா. அவர் சொன்னால் சிரிக்காமல் இருக்க முடியாது. அம்மா மட்டும் சிரிக்க மாட்டாள். பழைய கால்சட்டைத் துணியை வெட்டி, வாயில் நாடா கோத்து, கண்ணாடிக்கு ஓர் உறை தைத்துக் கொடுத்தாள். காரை நிறுத்தியதும் அதை மாட்டி முடிச்சுப் போட வேண்டும். எங்கள் வீட்டில் அதற்குக் "கண்ணாடிச் சட்டை" என்று பெயர்.

சட்டை போட்ட பிறகும் கண்ணாடி உடைந்தது. "முடிச்ச அவுத்துட்டுல்லா உடைக்கி, கை இருக்குல்லா அதுக்கு" என்றார் அப்பா.

"வலப்பக்கம் போகவே போகாதா அந்தக் கொரங்கு?" என்று அம்மா ஒருநாள் கேட்டாள். அப்பா கேட்காதவர் மாதிரி கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா என்னையும் காரில் ஏற்றிக்கொள்வார். முன்சீட்டில் இடப்பக்க ஜன்னலோரம்தான் என் இடம். சவாரி வந்தவர்கள் முனகினால், "பிள்ள ஓரமா இருந்துக்கிடுவா" என்று சமாதானம் சொல்வார். வளைவு வரும்போதும் எதிரே பஸ் வந்து ஒதுங்கும்போதும், "ஏட்டி, இடப்பக்கம் யாரும் வருதாங்களா?" என்று கேட்பார். நான் தலையை நீட்டிப் பார்த்து, "இல்லப்பா, போங்க" என்பேன். நான் சொல்லாமல் கார் நகராது என்பதில் எனக்கு அப்படியொரு பெருமை. பள்ளிக்கூடத்தில் யாரிடமெல்லாமோ சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

அந்தச் சீசன் முடிவதற்குள் ஒரு புதன்கிழமை. நான் பள்ளியிலிருந்து வந்தபோது கார் வாசலில் நின்றது. இடப்பக்கக் கண்ணாடி சட்டத்தோடு மடங்கித் தொங்கியது. அப்பா வழக்கம்போல, "கொரங்குதான்" என்றபடி காகிதத்தையும் பென்சிலையும் தேடிக்கொண்டிருந்தார். அம்மா கண்ணாடியின் காம்புக்குப் பக்கத்தில் குனிந்து எதையோ பிய்த்து எடுத்தாள். ஊதாப்பூ போட்ட நைலக்ஸ் துணியின் கிழிந்த துண்டு ஒன்று.

"இங்கேருங்க," என்றாள். குரல் உயரவே இல்லை. "எந்த ஊர்க் கொரங்கு சேல கட்டிக்கிட்டு வருது?"

அப்பா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். ஐந்தருவி ரோட்டில் பழக்கூடையோடு ஓரமாக நடந்துபோன ஒரு பெண்ணின் முழங்கையில் கண்ணாடி இடித்திருக்கிறது. கூடை விழுந்து பழங்கள் உருண்ட பிறகுதான் அங்கே ஆள் இருந்ததே அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்திருந்தார். "சத்தியமா தெரியல. அங்கன ஒரு பொம்பள நடந்து வாரான்னே எனக்குத் தெரியல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா அவர் சட்டைப்பையிலிருந்து கார்ச்சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போய், அரிசிப்பானைக்குள் கையை முழங்கை வரை விட்டுப் புதைத்தாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

அந்தப் பெண்ணுக்குக் கை தேறிவிட்டது. அப்பாவின் கண்தான் தேறவில்லை. திருநெல்வேலியில் பார்த்த டாக்டர், கண்ணுக்குள் அழுத்தம் கூடி ஓரப்பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது, இடது கண்ணில்தான் அதிகம், நேரே பார்ப்பது தெளிவாக இருப்பதால் ஆளுக்கே தெரியாது, போனது இனி வராது என்றார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து செய்த வேலை என்ன என்பது எனக்கு அன்று புரிந்தது. அவருடைய இடது கண் நான்தான். கார் கைமாறியது. அப்பா அதே ஸ்டாண்டில் மற்றவர்களுக்குச் சவாரி பிடித்துக் கொடுத்துக் காலத்தை ஓட்டினார். கார் கிளம்பும்போதெல்லாம் பழக்கத்தில் இடப்பக்கம் கையைக் காட்டி, "பாத்துப் போங்கடே" என்பார். இப்போது அவர் இல்லை.

அந்த டாக்டர் இன்னொன்றும் சொன்னார்: இது பிள்ளைகளுக்கும் வரலாம், நாற்பது தாண்டினால் வருஷந்தோறும் கண்ணைக் காட்டுங்கள் என்று. நான் நாற்பதைத் தாண்டி வெகுகாலமாகிறது. டீச்சர் வேலை, பரீட்சைத்தாள், மகனின் படிப்பு, அம்மாவின் மூட்டுவலி என்று ஒவ்வொரு லீவும் ஒவ்வொன்றுக்குப் போய்விட்டது. சின்ன வயதில், படிக்காமல் பரீட்சைக்கு முந்தின நாள் புத்தகத்தைத் தேடுகிற என்னைப் பார்த்து அப்பா சொல்வார், "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?" என்று. அந்தப் பழமொழியை இப்போது யாராவது சொன்னால் நான் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டு வாசலில் என் கணவர் என்னுடைய காருக்குப் பக்கக் கண்ணாடி மாற்றினார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்; எதையும் கையோடு செய்து முடித்துவிடுவார். இப்போதெல்லாம் ரப்பரை வேகவைக்க வேண்டாம். புதுக் கண்ணாடி கூட்டோடு பெட்டியில் வீடு தேடி வருகிறது. கதவின் உள்பக்கத்து மூடியை நெம்பி எடுத்து, பழையதன் போல்ட்டைக் கழற்றி, வயரை மாற்றிச் சொருகி முடுக்கினால் தீர்ந்தது.

"போன மாசந்தானே மாத்துனேன். அதே இடப்பக்கம். எப்படி உடைஞ்சுது?" என்றார்.

எனக்குப் பதில் சொல்லக்கூட அலுப்பாக இருந்தது. "செங்கோட்டையில ஸ்கூல் வாசல்ல விட்டிருந்தேன். கொரங்கு" என்றேன். சொன்ன பிறகுதான் என் குரலில் யார் பேசியது என்று எனக்குக் கேட்டது.

வராந்தாவில் நாற்காலி போட்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா கையை நிறுத்தினாள். அவளுக்கு இப்போது காது அவ்வளவாகக் கேட்பதில்லை. இது மட்டும் எப்படியோ கேட்டுவிட்டது.

"ஏட்டி," என்றாள். "அந்தக் கொரங்கு என்ன கலர் சேல கட்டியிருந்துது?"

கணவருக்கு ஒன்றும் புரியவில்லை, சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடைத்தது குரங்கு இல்லை, பள்ளிக்கூடத்துக் கேட்டுத் தூண். போன மாதம் உடைத்தது, ரோட்டோரம் நிறுத்தியிருந்த ஓர் ஆட்டோ. இரண்டும் இடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தன. அந்தக் கேட் வழியாகத்தான் சின்ன வகுப்புப் பிள்ளைகள் ஓடி வருவார்கள். அவ்வளவையும் அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சாவியை நானே அவள் மடியில், கீரைக்காம்புகளுக்கு நடுவில் வைத்தேன். கண்ணைக் காட்டத் திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போய்க்கொள்வதாகவும் சொன்னேன்.

ரப்பர் வேகிற வாசனை போயிற்று, அம்பாசடர் போயிற்று, கண்ணாடிச் சட்டை போன இடம் தெரியவில்லை. என் இடப்பக்கத்தில் எவ்வளவு போயிருக்கிறது என்பதை இனி டாக்டர்தான் சொல்ல வேண்டும். அம்மா சாவியை எடுத்துக்கொண்டு எழுந்து, பழைய நினைப்பில் அடுப்பங்கரை வரைக்கும் போனாள். அங்கே அரிசிப்பானை இல்லை. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, மறுபடி கீரை ஆய உட்கார்ந்தாள்.