உடனே அனுப்பவும்

பல்கலைக்கழகத்தில் கிடைத்த இடம் ரத்தாகிவிட்டது என்ற கடிதம் லுசிண்டா போர்பாவுக்கு வந்தது ஜூலை மாதக் கடைசி வியாழக்கிழமை. சீஸ் ஆலையில் காலை ஷிப்ட் முடித்து வந்தவள், ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் தெருவோரத் தபால் பெட்டியின் பக்கத்திலேயே நின்று படித்தாள். வசந்தகாலப் பருவத்தின் இறுதி மதிப்பெண்கள் ஜூலை பதினைந்துக்குள் வந்து சேராத காரணத்தால், என்று ஆரம்பித்திருந்தது. உங்கள் வருங்காலம் சிறக்க வாழ்த்துகள், என்று முடிந்திருந்தது. அந்த வாழ்த்தைப் படித்தபோதுதான் அவளுக்குக் கோபம் வந்தது.

அவளுக்கு வயது நாற்பத்திரண்டு. பதினொரு வயதில் தெர்செய்ரா தீவிலிருந்து கலிபோர்னியாவின் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தவள். பதினாறில் பள்ளியை விட்டு, மாமாவின் பண்ணையில் மாடு கறக்கப் போனாள். பத்தொன்பதில் அடெலினோவைக் கட்டினாள். முப்பத்தொன்பதில் அவனுடைய துணிகளைக் குப்பைப் பைகளில் போட்டு வாசலில் வைத்தாள். இதற்கு நடுவில், முப்பத்தைந்தாம் வயதில், ஊரிலிருக்கும் இரண்டு வருஷக் கல்லூரியில் ஒரு பாடம் எடுத்தாள். அப்புறம் இன்னொன்று. இரண்டு வருஷப் படிப்பை ஏழு வருஷம் படித்தாள். புள்ளியியல் மட்டும் இரண்டு தடவை. அங்கே முடித்தவர்கள் மீதி இரண்டு வருஷத்தைப் பெரிய பல்கலைக்கழகத்தில் போய் முடிக்கலாம். லுசிண்டாவுக்கு உணவு நுண்ணுயிரியலில் இடம் கிடைத்திருந்தது.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: எண்ணிய கணக்கில் தானே கையெழுத்துப் போடும் உரிமை. ஆலையின் சோதனைக் கூடத்தில் பதினான்கு வருஷமாகத் தட்டுகளில் முளைக்கும் கிருமிப் புள்ளிகளை எண்ணுகிறவள் அவள். அவள் எண்ணி எழுதும் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறவனுக்கு வயது இருபத்துநான்கு. அவனிடம் நாலு வருஷப் பட்டம் இருந்தது. போன வருஷம் அவன் கையெழுத்துப் போட்ட ஒரு தொட்டிப் பாலைப் பற்றி, "இது சரியில்லை, திரும்ப எண்ணணும்" என்று அவள் சொன்னாள். "உங்களுக்குப் பழக்கம் இருக்கு, எனக்குப் படிப்பு இருக்கு" என்றான். மூன்றாம் நாள் அந்தத் தொட்டி சீஸ் முழுவதும் பன்றித் தீவனத்துக்குப் போயிற்று. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

செப்டம்பரிலிருந்து இரண்டு வருஷத்துக்கு அவளைச் சனி ஞாயிறு ஷிப்டுக்கு மாற்ற ஆலை மேலாளர் ஒப்புக்கொண்டிருந்தார். "இந்த வருஷம் போனாத்தான் உண்டு, லுசிண்டா. அடுத்த வருஷத்துக்கு அந்த ஷிப்டைக் கேட்டு நாலு பேர் நிக்கிறாங்க" என்றும் சொல்லியிருந்தார். பல்கலைக்கழகத்தில் அந்தத் துறையிலோ வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஆள் எடுப்பார்கள்.

கடிதத்தை நம்பாமல் கணினியைத் திறந்து பல்கலைக்கழகப் பக்கத்தைப் பார்த்தாள். 'மதிப்பெண் பட்டியல்: பெறப்பட்டது' என்று மே மாதத்திலிருந்தே அதில் இருந்தது. அந்த வரியைப் பார்த்துத்தான் இரண்டு மாதம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள். உடனே போன் போட்டாள்.

"வந்திருக்கு, ஆனா அது மே மாசம் வந்தது" என்றாள் மறுமுனையில் ஒரு பெண். "கடைசி நாலு பாடத்துக்கு நேரே 'படித்துக்கொண்டிருக்கிறார்'னு இருக்கு. மார்க் ஏறினப்புறம் அனுப்பச் சொல்லியிருக்கணும்."

"இப்ப அனுப்பினா?"

"தேதி தாண்டிருச்சும்மா. உங்க தப்பா இருந்தா எதுவும் செய்ய முடியாது. கல்லூரி ஆபீஸ் தப்புன்னா, அவங்க எழுதிக் கொடுத்தா, மேல்முறையீடு பண்ணலாம். பத்து நாள் டைம்."

மகள் மரீஸா சமையலறையில் முட்டைக்கோசு சூப்பைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தாள். பல் மருத்துவரிடம் வேலை பார்க்கும் இருபது வயதுப் பெண். விஷயத்தைக் கேட்டதும் கரண்டியோடு திரும்பினாள்.

"மார்க் பட்டியல் அனுப்பச் சொல்லிக் கொடுக்கிற படிவத்துல மூணு கட்டம் இருந்திருக்குமே. உடனே அனுப்பவும், மார்க் ஏறியபின் அனுப்பவும், பட்டம் பதிந்தபின் அனுப்பவும். நீ எதுல டிக் அடிச்ச?"

லுசிண்டா கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள்.

"உடனேலதானே? எல்லாத்துலயும் உனக்கு அவசரம்மா. கல்யாணத்துல அவசரம், டிக் அடிக்கிறதுல அவசரம்."

"உன்னைப் பெத்ததுலயும்தான். சூப்பைக் கிண்டு, அடி பிடிக்குது."

பிந்திவிட்டாய், பிந்திவிட்டாய் என்று ஏழு வருஷமாக எல்லோரும் சொல்லிக் கேட்டவளிடம் 'உடனே' என்று ஒரு கட்டத்தைக் காட்டினால் அவள் வேறு எதில் டிக் அடிப்பாள்?

மறுநாள் காலை ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு, கல்லூரிப் பதிவு அலுவலகத்தில் வரிசையில் நின்றாள். கவுன்ட்டரில் இருந்தது எர்மீனியா, அடெலினோவின் அக்கா. இருபத்திரண்டு வருஷமாக அதே கவுன்ட்டர், அதே நாற்காலி. இருபது வருஷம் அவளை 'மதினி' என்று கூப்பிட்ட லுசிண்டா, மூன்று வருஷமாக எப்படியும் கூப்பிடுவதில்லை. படிவத்தை நீட்டுவாள்; எர்மீனியா முத்திரை குத்துவாள்; அவ்வளவுதான் அவர்களுக்குள் பேச்சு.

லுசிண்டாவுக்கு முன்னால் நர்ஸ் சீருடையில் ஒரு பெண் நின்றாள். அவள் நீட்டிய படிவத்தை எர்மீனியா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"இங்க பாரும்மா, உடனேன்னு போட்டிருக்க. கோடைகாலப் பாடம் ஏதாவது எடுத்திருக்கியா? ஆமான்னா மார்க் ஏறினப்புறம் போகட்டும். இல்லேன்னா அரைகுறையாப் போகும், அங்க உன்னைத் தூக்கிக் கடாசிருவாங்க. மாத்தட்டுமா?"

"ஐயோ, மாத்துங்க மாத்துங்க."

"தினம் பத்துப் பேர் இதே தப்பைப் பண்றீங்க" என்று எர்மீனியா அலுத்துக்கொண்டே மாற்றினாள்.

லுசிண்டாவின் காது சுட்டது. அவள் முறை வந்ததும் குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"மே மாசம் நான் கொடுத்த படிவம் எங்க?"

எர்மீனியா கேள்வியே கேட்காமல் எழுந்து போய், அலமாரியிலிருந்து எடுத்து வந்து கவுன்ட்டரில் வைத்தாள். தேட வேண்டியிருக்கவில்லை.

"இது உன் கையெழுத்துதானே? இது நீ போட்ட டிக்தானே?"

"ஆமா. நீங்க பாத்தீங்க இல்ல?"

"பாத்தேன்."

"தினம் பத்துப் பேருக்குச் சொல்றீங்க. எனக்குச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்" என்றாள் எர்மீனியா. "நீயும் கேட்டிருக்கலாம். பெரிய படிப்புப் படிக்கிறவ. எழுதியிருக்கறதைப் படிச்சிருப்பேன்னு நினைச்சேன். அடுத்த ஆள் வாங்க."

காரில் வந்து உட்கார்ந்த லுசிண்டா சாவியைப் போட்டாள், திருப்பவில்லை. அழுகை வருகிறதா என்று பார்த்தாள், இல்லை. அப்போதுதான் பிப்ரவரியில் பெட்ரோல் பங்கில் அடெலினோவைப் பார்த்தது நினைவுக்கு வந்தது. லாரிக்கு டீசல் போட்டுக்கொண்டே பல்லைக் காட்டினான். "புள்ளியியல்ல ரெண்டு தடவை படிச்சும் வெறும் சி கிரேடுதானாமே, புரொபசரம்மா!" அந்த மார்க்கை அவள் மரீஸாவிடம்கூடச் சொன்னதில்லை. எங்கிருந்து கசிந்தது என்று அப்போதே புரிந்தது. புரிந்தும், சோற்றில் அகப்பட்ட கல்லைத் துப்புவதுபோல் துப்பிவிட்டு வேலைக்குப் போனாள். இப்போது அந்தக் கல்லைத் தேடி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

எர்மீனியா மதியச் சாப்பாட்டைக் காரில்தான் சாப்பிடுவாள், கல்லூரி வண்டி நிறுத்தத்தின் கடைசி மரத்தடியில். அது ஊருக்கே தெரியும். திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்கு லுசிண்டா கதவைத் திறந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். மடியில் வைத்திருந்த, லிங்குவீசா சாஸேஜ் வைத்த ரொட்டியை எர்மீனியா மூடினாள்.

"யார் உன்னை ஏறச் சொன்னது?"

"பசங்க மார்க்கை வெளியாள்கிட்டச் சொன்னா என்ன ஆகும்னு உங்க கவுன்ட்டருக்கு மேலயே எழுதி ஒட்டியிருக்கீங்க. உங்க தம்பி பெட்ரோல் பங்குல வச்சு என் மார்க்கை எனக்கே சொன்னான். பங்குல வேலை பாக்கிற ரெண்டு பேரும் கேட்டாங்க."

எர்மீனியா முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிரட்டுறியா?"

"ஆமா."

"மூணு வருஷமா உன் புருஷன் என் சோபாவுல கிடக்கறான். டிவி ரிமோட்டை நான் தொட்டே மூணு வருஷம் ஆச்சு. அவன் சாக்ஸை நான் துவைக்கறேன். நீ அங்க போய் ஆராய்ச்சி பண்ணு!"

"என் புருஷன் இல்லை. உங்க தம்பி."

"நீ துரத்தின ஆளு."

"நீங்க வளத்த ஆளு. சாக்ஸை நான் இருபது வருஷம் துவைச்சேன், மூணு வருஷத்துக்கே இப்படிப் புலம்பறீங்க."

வெளியே யாரோ ஒருத்தர் எர்மீனியாவுக்குக் கையசைத்துவிட்டுப் போனார். அவளும் சிரித்துக் கையசைத்தாள். கை இறங்கியதும் சிரிப்பும் இறங்கியது.

"என்ன எழுதணும்?"

"நடந்ததை எழுதுங்க. பாத்தேன், தெரிஞ்சே சொல்லலைன்னு."

"உனக்கு மூளை இருக்கா? வேணும்னே செஞ்சேன்னு எழுதினா என் வேலை போகும். ஆபீஸ் கவனக்குறைவுன்னு எழுதினா ஒரு திட்டோட போகும். மாணவி மார்க் ஏறியபின் அனுப்பவும்னுதான் கேட்டிருந்தாள், நாங்கள் தவறுதலாக உடனே அனுப்பிவிட்டோம். அப்படித்தான் எழுதுவேன்."

"நான் அப்படிக் கேக்கலையே. படிவத்துல டிக் இருக்கே."

"படிவம் காணாமப் போகும். உனக்கு உண்மை வேணுமா, இடம் வேணுமா? ரெண்டுல ஒரு கட்டத்துல டிக் அடி. இந்தத் தடவையாவது படிச்சுப் பாத்து அடி."

லுசிண்டா வாழ்நாளில் ஒருநாளும் எண்ணிக்கையில் ஒரு புள்ளியைக் கூட்டிப் போட்டதில்லை, குறைத்துப் போட்டதும் இல்லை. அதற்காகவே ஆலையில் அவளைப் பிடிக்காதவர்கள் உண்டு. கார் ஜன்னலை இறக்கினாள். தூரத்துப் பண்ணையிலிருந்து சாண வாடை வந்தது.

"எழுதுங்க" என்றாள்.

செவ்வாய்க்கிழமை கடிதம் கிடைத்தது. கல்லூரி முத்திரை, எர்மீனியாவின் கோணல் இல்லாத கையெழுத்து. லுசிண்டா அதைத் தபாலில் போடவில்லை. ஒன்றரை மணி நேரம் தானே ஓட்டிக்கொண்டு போய்ப் பல்கலைக்கழகத்தில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு எழுத்தில் கேட்டு வாங்கி வந்தாள். கூடவே முழு மதிப்பெண் பட்டியலும், ஒட்டிய உறையில், ஒட்டுப் பிரியாமல். ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி இடம் திரும்பக் கிடைத்தது. மரீஸா சந்தோஷத்தில் கத்தினாள். லுசிண்டா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அன்றுதான் தன் பூட்ஸில் ஓட்டை விழுந்திருப்பதைக் கவனித்தாள்.

எர்மீனியா சொன்ன கணக்குத் தப்பாகிவிட்டது. திட்டோடு போகவில்லை. கடிதத்தின் நகல் கல்லூரித் தலைமைக்குப் போனது. ஒரு மாணவியின் இடமே போகப் பார்த்ததே, படிவம் எங்கே என்று கேட்டார்கள். காணாமல் போன படிவத்தை அவள் எப்படிக் காட்டுவாள்? கவுன்ட்டரை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, பழைய கோப்புகளை நகலெடுக்கும் கீழ்த்தள அறைக்கு அவளை அனுப்பினார்கள்.

"அத்தைக்கு அந்த ரூம்ல ஜன்னல்கூட இல்லையாம்" என்றாள் மரீஸா. "அப்பா சொன்னார். நீ போய் உண்மையைச் சொல்லப் போறியா?"

"சொன்னா எனக்கு இடம் போகும், அவளுக்கு வேலை போகும்."

"அப்ப சொல்ல வேண்டாம்கற."

"வேண்டாம்."

மரீஸா மேஜைமேல் இருந்த கைப்பையை எடுத்தாள். கதவை அடித்துச் சாத்திவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனாள். நாலு நாள் வீட்டில் தேவைக்கு மட்டுமே பேச்சு.

செப்டம்பரில் ஊரிலிருக்கும் தீவுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து கொண்டாடும் பரிசுத்த ஆவித் திருவிழா வந்தது. மண்டபத்தில் நீள மேஜைகள் போட்டு, வந்தவர்கள் எல்லோருக்கும் மாட்டிறைச்சி சூப்பு போடுவார்கள். அன்று யாருக்கும் இல்லை என்று சொல்லக் கூடாது. விரோதி வந்து உட்கார்ந்தாலும் ஊற்றியாக வேண்டும். லுசிண்டா போகலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் போனாள். போகாவிட்டால் ஊர் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடிக்கும்.

அவள் மேஜைக்குச் சூப்புப் பானையோடு வந்தது எர்மீனியா. கழுத்தில் ஏப்ரன், நெற்றியில் வியர்வை. லுசிண்டாவின் கிண்ணத்தில் ரொட்டியும் புதினாவும் காத்திருந்தன.

"இடம் கிடைச்சிருச்சாம்ல."

"கிடைச்சிருச்சு."

"எனக்கும் புது இடம் கொடுத்திருக்காங்க."

"கேள்விப்பட்டேன்."

"கேள்விப்பட்டேன்! வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லையா உனக்கு?"

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். லுசிண்டா நாப்கினை மடித்தாள், பிரித்தாள்.

"நீங்க மே மாசமே வாயைத் திறந்திருந்தா, இன்னிக்கு ரெண்டு பேருமே அவங்கவங்க இடத்துல இருந்திருப்போம்" என்றாள். "அதைத்தான் சொல்ல முடியும். மன்னிப்புக் கேக்கணும்னு நினைச்சுப் பாத்தேன். வரலை."

எர்மீனியா கரண்டியை நிறைய மொண்டு ஊற்றினாள். ரொட்டி மூழ்கி மேலே வந்தது. இறைச்சித் துண்டு ஒன்று விழுந்தது; எலும்போடு சேர்ந்த நல்ல துண்டு. எடுத்துவிடலாமா என்று யோசிப்பவள்போல ஒரு கணம் அதையே பார்த்தாள்.

"இருபத்திரண்டு வருஷக் கவுன்ட்டரைத் தின்னுட்டுப் போற" என்றாள். "படிப்பைப் பாதியில விட்டுட்டு வந்து நின்னியோ, இதே மண்டபத்துல எல்லாருக்கும் கேக்கற மாதிரி சிரிப்பேன்."

"வரமாட்டேன்."

"பாக்கலாம். கையை எடு, சுடும்."

எர்மீனியா பானையைத் தூக்கிக்கொண்டு அடுத்த கிண்ணத்துக்கு நகர்ந்தாள். லுசிண்டா சூப்பைச் சுடச்சுடவே குடித்தாள். நாக்கு வெந்தது. இரண்டு மணிக்கு ஆலையில் அவளுடைய முதல் ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட்.