கொளஞ்சியம்மாள் மேல் போட்ட ஹார்பர் கேஸ்

“ஹார்பர்னா என்னாடி?” என்று கொளஞ்சி சின்னம்மா கோர்ட்டுக் காகிதத்தை நீட்டியபோது எனக்குச் சரியான பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லாமல், பள்ளியில் படித்ததைச் சொன்னேன்.

“துறைமுகம் சின்னம்மா. கப்பல் நிக்கிற எடம்.”

“செந்துறையில ஏதுடி கப்பலு? ஆளு மாத்தி எழுதிப்புட்டானுவ” என்று சிரித்தார். இடது கை கட்டுப்போட்டுத் தொங்கியது.

அது 1983 பங்குனி. எதிர்வீட்டில் தனியாக இருந்த அவர், முந்திரிக்கொட்டை உடைத்துப் பிழைத்தார். அந்தக் காகிதம் வருவதற்குச் சில நாள் முன்பு ஒரு மத்தியானம், எங்கள் ஊர்ப் பையன் அரியமுத்து ரத்தம் ஒழுக அவர் வீட்டுக்குள் ஓடினான். தோப்புக்காரரின் பம்புசெட்டில் குளித்ததற்காக அவனை மரத்தில் கட்டி அடித்திருந்தார்கள். கட்டு அவிழ்ந்ததும் அரிவாளைப் பிடுங்கி, தோப்புக்காரரின் மகனைத் தோளில் வெட்டிவிட்டு வந்திருந்தான்.

சின்னம்மா அவனை நெல்குதிருக்குள் இறக்கி மூடினார். மூடிமேல் உடைத்த முந்திரிக்கொட்டைத் தோட்டைக் கொட்டினார். தோட்டு எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும்.

தோப்புக்காரரின் ஆட்கள் ஐந்து பேர் வந்தார்கள். “எங்கடி அவன்?”

“எவன், எம்புருசனா? செத்து எட்டு வருசமாச்சு. சுடுகாட்டுல போயித் தேடு.”

தடி கையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் எங்கள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு இடுக்கு வழியாகப் பார்த்தேன். அவரை மயிரைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்தார்கள். வாயில் மிதித்ததில் இரண்டு பல் போயிற்று. ஆட்டுக்குட்டியைச் சுவரில் அடித்துக் கொன்றார்கள். குதிரில் கை வைத்தவன் தோல் எரிந்து அலறிப் பின்வாங்கினான். சின்னம்மா கடைசிவரை சொல்லவில்லை.

மறுநாள் அரியமுத்து பஸ் ஏறும்போது போலீசில் சிக்கினான். யார் வீட்டில் இருந்தான் என்பதை அடித்தே வாங்கினார்கள். அடித்த ஐவர்மேல் கேஸ் இல்லை. சின்னம்மா மேல் வந்தது.

பார்த்த சாட்சி யாரும் வரவில்லை. ‘இல்லை’ என்றால் விடுதலை என்று வக்கீல் சொல்லியிருந்தார். அரியலூர் கோர்ட்டில் கேட்டார்கள்: “ஹார்பர் பண்ணியா?”

“இல்லீங்க. கடலயே நான் பாத்ததில்ல.”

கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட் விளக்கினார்: “ஓடி வந்த அரியமுத்துவை வீட்டில் ஒளித்து வைத்தாயா என்று கேட்கிறோம்.”

“அதக் கேக்குறீங்களா? ஆமாங்க. வெளிய தள்ளுனா வெட்டிப்புடுவாங்கல்ல?”

மூன்று மாதம் ஜெயில். நான் அர்த்தத்தைச் சரியாகச் சொல்லியிருந்தால், எந்தக் கேள்விக்கு ‘இல்லை’ சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

அதன்பிறகுதான் நூலகத்தில் பெரிய அகராதியைப் புரட்டினேன். பழைய இங்கிலீஷில் அந்தச் சொல்லின் முன்பாதிக்குப் படை என்று பொருள், பின்பாதிக்குக் காப்பிடம். படை தங்கிய இடம், பிறகு யாரும் தங்கும் இடமானது. அப்புறம்தான் கப்பல் ஒதுங்கும் இடம். குற்றவாளிக்கு இடம் கொடுப்பதற்கும் சட்டத்தில் அதே சொல்.

ஜெயிலிலிருந்து திரும்பி வந்தவரிடம் இதை அழுதுகொண்டே சொன்னேன்.

“படைய நான் எங்கடி உள்ள வச்சேன்? படைதான் வெளிய நின்னு என்னய அடிச்சுச்சு” என்றார்.

அவர் கை நிமிரவே இல்லை. அதன்பிறகு அவரால் கொட்டை உடைக்க முடியவில்லை. படிக்கிறவர்கள் இதை இன்னொருவருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது, அந்த ஐந்து பேர்மேல் இன்றுவரை கேஸ் இல்லை என்பதையும் விடாமல் சொல்லுங்கள்.