மூடி பொறுக்கிய ஏஜென்ட்

எங்கள் பெயின்ட் கடைக்கு இன்சூரன்ஸ் எடுத்துக் கொடுத்த ஏஜென்டுக்கு நாங்கள் வைத்த பெயர் 'ரெண்டு நிமிஷம்'. "ரெண்டு நிமிஷம் அக்கா" என்று உட்கார்ந்தால் கடையடைக்கும் வரை எழுந்திருக்க மாட்டார். அவருடைய ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே என் வீட்டுக்காரர் குடோனுக்குள் நழுவிவிடுவார். ஏஜென்டின் தொல்லை தாங்காமல்தான், வேலையாள் திருடினால் நஷ்டத்தைத் தரும் பாலிசியில் கையெழுத்துப் போட்டேன்.

திருடியவன் எங்களிடம் கலர் கலக்கிக்கொண்டிருந்தவன். சந்தேகமே வராத ஆள். ஒருநாள் அவன் வேலைக்கு வரவில்லை, போனும் எடுக்கவில்லை. குடோனுக்குள் போய்ப் பார்த்தால், முன்வரிசை டின்களுக்குப் பின்னால் வெறும் சுவர்தான் இருந்தது. சரக்குக் கொடுத்தவர்களுக்குப் பணம் கட்டாவிட்டால் கடையை மூடவேண்டியதுதான்.

நஷ்டத்தைக் கணக்குப் பார்க்க இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் மரியாதையாகத்தான் பேசினார். "சரக்கு குறைஞ்சா அது திருட்டுன்னு ஆயிடாதும்மா. எண்ணுனதுல தப்பு இருக்கலாம், பில் போடாம நீங்களே வித்திருக்கலாம். இருப்புக் குறையுதுங்கிறத மட்டும் வச்சுப் பணம் தர பாலிசியில இடமில்ல."

சர்வேயர் போனதும், கூட வந்திருந்த ஏஜென்டைப் பிடித்துக்கொண்டேன்.

"பணம் கட்டச் சொல்லும்போது இனிக்க இனிக்கப் பேசுனீங்களே! திருடுனேன்னு அவனே கைநாட்டு வச்சுத் தரணுமா? அதான் ஒவ்வொரு மூடியிலயும் வச்சிருப்பானே, போய்ப் பாருங்க!"

கலர் கலந்ததும், உள்ளே என்ன நிறம் என்று தெரிய மூடிமேல் ஒரு பொட்டு வைப்பது எங்கள் தொழிலில் வழக்கம். மற்றவர்கள் குச்சியால் வைப்பார்கள். இவன் கட்டைவிரலை முக்கி அழுத்துவான். நான் ஆத்திரத்தில்தான் அதைச் சொன்னேன். ஏஜென்ட் சட்டென்று எழுந்துபோனார்.

அப்புறம் ஆளையே காணோம். நைசாகக் கழன்றுகொண்டார் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது ஒரு சாக்கு மூட்டையைத் தூக்கமுடியாமல் தூக்கிவந்தார். கவுன்டரில் கொட்டினால், அத்தனையும் டின் மூடிகள். பச்சையிலும் நீலத்திலும் அவன் கட்டைவிரல் ரேகை காய்ந்து கிடந்தது. புது வீடு கட்டும் இடமெல்லாம் ஏறி இறங்கி, பெயின்டர்களிடம் கெஞ்சிப் பொறுக்கியிருக்கிறார். எல்லாமே எங்கள் கடையில் வாங்காத வீடுகள். பில் இல்லாமல் மலிவாக அவனிடம் வாங்கியதாக வீட்டுக்காரர்கள் எழுதியே கொடுத்திருந்தார்கள். திருட்டுச் சரக்குக்கும் பழக்க தோஷத்தில் பொட்டு வைத்து அனுப்பியிருக்கிறான் மகராசன்!

சர்வேயர் மறுபடி வந்து, கடையில் அவன் பொட்டு வைத்து மிச்சமிருந்த மூடிகளோடு அவற்றை வெகுநேரம் ஒப்பிட்டுப் பார்த்தார். "இப்ப இது வேற விஷயம்மா" என்றார். கம்பெனி முழு நஷ்டத்தையும் தரவில்லை. ஆனால் கடை தப்பித்தது. அன்று என் வீட்டுக்காரர் ஒளியாமல், தானே போய் ஏஜென்டைக் கூட்டிவந்தார்.

"உங்களுக்கு இதுல கமிஷன்கூட கிடையாதே. எதுக்கு இந்த வெயில்ல இப்படி அலைஞ்சீங்க?" என்று கேட்டேன்.

அவர் நகத்தில் ஒட்டியிருந்த பெயின்டைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்: "பாலிசி விக்கும்போது, 'என்னை உங்க கூடப்பொறந்தவனா நெனச்சுக்கங்க'ன்னு எல்லார்கிட்டயும் சொல்வேன்க்கா. வாய் பழகிப்போச்சு. நீங்க அன்னைக்குத் திட்டுனப்பதான், ஒருத்தருக்காவது அப்படி இருந்து பாப்போமேன்னு தோணுச்சு."

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று மட்டும் சொல்லி, அவருக்கு இலை போடப் போனேன்.